லிப்ட் வேலை செய்யாது

சினிமாக்காரர்கள் வரப்போகிறார்கள் என்ற செய்தி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும், அங்கே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் ஞாபக சக்தி பெருகிவிட்டது. இத்தனை வருடமாக அந்த நாளைப் பற்றிக் கேட்டால், "எங்கயோ இருந்தோம், உசுரோட இருக்கோம், விடுங்க" என்று நழுவியவர்கள் எல்லாம் இப்போது கேட்காமலே நிறுத்திவைத்துச் சொன்னார்கள். கேன்டீனில் டீ போடுகிறவர், கொதிக்கிற பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எதிரியை எதிர்பார்த்து நின்றாராம். மருந்து கொடுக்கிறவர் மாடி விளக்குகளையெல்லாம் அணைத்தாராம். அவர் அன்று வேலைக்கே வரவில்லை என்பதை மற்றவர்கள் பெருந்தன்மையோடு மறந்துவிட்டார்கள். பதிலுக்கு அவரும் பல விஷயங்களை மறக்க வேண்டியிருந்தது.

எடுக்கப்போவது இந்திப் படம். நகரத்துக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்த அந்த நாளில், ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கதை. டாக்டர்களும் பெரிய சிஸ்டரும் மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்து டைரக்டரிடம் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டார்கள். கீழே துடைக்கிறவர்கள், தூக்குகிறவர்கள், தள்ளுகிறவர்களிடம் கேட்டு வர ஒரு சின்னப் பெண்ணை அனுப்பியிருந்தார்கள். கதை எழுதுகிறவர்களில் அவளும் ஒருத்தி. மூக்கில் கண்ணாடி, தோளில் பை, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. தமிழ் மட்டும் சுத்தமாகத் தெரியாது.

இங்கே கீழே இருப்பவர்களுக்கு இந்தி தெரியாது. தெரிந்த ஒரே ஆள் எக்ஸ்ரேக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் வடக்கே கொஞ்ச காலம் வேலை பார்த்தவர். அதனால் கதைக்காரப் பெண்ணுக்கு அவரே வாய், அவரே காது என்று முடிவாயிற்று. அவரும் அன்றிலிருந்து தினம் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்.

போர்வையக்கா இதையெல்லாம் துணி அறைக்குள் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். தரைத்தளத்தின் பின்பக்கம், லிப்டை ஒட்டிய அறை அது. படுக்கை விரிப்பு, போர்வை, தலையணை உறை, ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற பச்சைத் துணி, எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் வார்டுகளுக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் வெளுத்து வந்தது அடுக்கடுக்காக இருக்கும். இன்னொரு பக்கம் அழுக்குத் துணி ஆள் உயர மூட்டைகளில் இருக்கும். போர்வையக்கா என்பது அவள் பெயரில்லை. ஆனால் சம்பளம் போடுகிற கிளார்க்கைத் தவிர, அவளுக்கு வேறு பெயர் உண்டு என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அவள் புருஷன் அந்த லிப்டை ஓட்டியவர். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு 'படிக்கட்டு' என்று பெயர். லிப்ட்காரருக்குப் படிக்கட்டு என்று பெயர் வந்த கதை எளிமையானது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் யார் லிப்ட் பக்கம் வந்தாலும், அவர் முதலில் அவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைப் பார்ப்பார். கால் நன்றாக இருந்தால் மூக்கை ஒருமுறை உறிஞ்சிக்கொண்டு, "வேலை செய்யாது. படியில போங்க" என்பார். அந்தப் 'போங்க'வை இழுப்பதில் ஒரு தனி ராகம் உண்டு. பக்கத்திலேயே ஒரு மரப் பலகையும் தொங்கும்: லிப்ட் வேலை செய்யாது. அப்போது உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருக்கும், விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். லிப்ட் என்றால் அது படுத்திருக்கிறவர்களுக்கு, நடக்க முடிந்தவன் நடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஸ்ட்ரெச்சர் வந்தால் மட்டும் பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ராஜாவுக்குக் கதவு திறக்கிற மரியாதையோடு திறப்பார்.

இந்தக் கொள்கையால் அவர் சம்பாதித்த கெட்ட பெயருக்கு அளவே இல்லை. போர்வையக்காவின் அண்ணன் ஒருமுறை குடலிறக்கம் காட்ட வந்தபோது, அவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேலை செய்யாது மச்சான். படியில போங்க" என்று நாலு மாடி ஏற்றிவிட்டார். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முறைத்தபடியே ஏறினார். அன்றிலிருந்து புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அவருக்கு வேண்டிய சாப்பாட்டுப் பாத்திரத்தை அவள் ணங்கென்று வைப்பாள், அவர் ணங்கென்று எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

பேச்சு நின்றிருந்த அந்த நாட்களில்தான் அது நடந்தது.

பேருந்து நிலையத்தில் அன்று காலை செத்துப்போனவர்களைப் பற்றிச் சிரிக்க ஒன்றுமில்லை, அதனால் அதை இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே சுட்டுவிட்டுத் தப்பிய துப்பாக்கிக்காரர்கள் இரண்டு பேர் ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். வாசல் காவலாளிக்குத் தோளில் குண்டு பாய்ந்தது. சத்தம் கேட்டதும் ஒவ்வொரு மாடியிலும் சிஸ்டர்கள் ஓடிப்போய்ப் படிக்கட்டுப் பக்கத்து இரும்புக் கதவைப் பூட்டிவிட்டார்கள். ஐந்தாம் மாடியில் மட்டும் பூட்ட ஆளில்லை. அங்கே வெள்ளையடிக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது, நோயாளிகள் கிடையாது. லிப்டுக்கு அப்படிப்பட்ட கதவு ஏதும் இல்லை. அது திறந்தால் நேராக வார்டுதான். மூன்றாம் மாடியில் பிறந்த குழந்தைகளின் வார்டு.

கீழே நடையில் நின்றவர்களையெல்லாம் லிப்ட்காரர் கழுத்தைப் பிடிக்காத குறையாகத் துணி அறைக்குள் தள்ளினார். உள்ளே போர்வையக்கா, பெரிய சிஸ்டர், கேன்டீன்காரர், இன்னும் சிலர். எக்ஸ்ரேக்காரரும் அங்கேதான் இருந்தார். அவர் தள்ளும்வரை காத்திருக்கவில்லை. தானாகவே வந்து அழுக்குத் துணி மூட்டை ஒன்றுக்குள் இறங்கி, "அக்கா, வாயைக் கட்டிடுங்க" என்று கேட்டுக்கொண்டார். அக்கா மூட்டையின் வாயைக் கட்டினாள். கட்டிவிட்டுத் திரும்பினால் புருஷன் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார், ஆனால் வெளியே நின்று சாத்துகிறார். 'நீங்களும் உள்ள வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல அவள் வாய் வரைக்கும் வந்தது. பேசாமல் இருந்த பழக்கம் நாக்கை ஒரு நொடி பிடித்துக்கொண்டது. அதற்குள் கதவு மூடிவிட்டது.

கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் பூட்ஸ் சத்தம் வந்து, லிப்டுக்கு முன்னால் நின்றது. யாரோ ஏதோ அதட்டினார்கள். பிறகு ஒரு மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வேலை செய்யாது. படியில போங்க."

அதே குரல், அதே ராகம். குடலிறக்க மச்சானிடம் சொன்னதற்கும் இதற்கும் ஓர் எழுத்து வித்தியாசமில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் போர்வையக்கா தனக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள், அண்ணனை மன்னித்தாள், புருஷனை மன்னித்தாள், திரும்பவும் புருஷனைத் திட்டினாள். பிறகு பூட்ஸ் சத்தம் படியேறிப் போனது. மாடிக்கு மாடி பூட்டிய கதவாகவே பார்த்து ஏறிய அந்த இருவரும் கடைசியில் ஐந்தாம் மாடியில் சுண்ணாம்பு வாளிகளுக்கு நடுவில் போய் நின்றார்கள். போலீஸ் அவர்களை அங்கேயே மடக்கிவிட்டது. வார்டுகளில் ஒரு குழந்தைக்குக்கூடக் கீறல் இல்லை.

கதவைத் திறந்தபோது லிப்ட்காரர் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டியைப் பார்த்ததும், "உன் அண்ணனும் இப்படித்தான் மொறச்சாரு" என்றார். அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், நடுவில் சிரித்தாள். பேச்சுவார்த்தை அப்படித்தான் திரும்பத் தொடங்கியது. மூட்டைக்குள் இருந்த எக்ஸ்ரேக்காரரின் ஞாபகம், மாலையில் சலவைக்காரர் வண்டியோடு வந்தபோதுதான் எல்லாருக்கும் வந்தது.

துப்பாக்கிக்காரன் என்று தெரிந்துதான் லிப்ட்காரர் அப்படிச் சொன்னாரா, தெரியாமலா என்று ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கே நடந்தது. அவர் கண்ணாடி உடைந்து பழுது பார்க்கப் போயிருந்தது என்று சிலர் சொன்னார்கள். அவரையே கேட்டபோது, "யாரா இருந்தா என்ன, ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அவர் நிமோனியாவில் போய்ச் சேர்ந்தார். வைத்தியத்துக்கு இரண்டாம் மாடிக்கு லிப்டில்தான் கொண்டுபோயிருந்தார்கள். படுத்துக்கொண்டு போனதால் அவருக்கே ஆட்சேபணை இருந்திருக்காது. இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாம் அவரால் தேய்ந்த தங்கள் முட்டியைப் பற்றியே பேசினார்கள். கூட்டம் சிரித்தது. போர்வையக்காவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அதை நினைத்து நெஞ்சு எரிந்தது. பிறகு லிப்டை மாற்றினார்கள். பொத்தானை அழுத்தினால் போதும், ஆள் வேண்டாம், ஒரு பெண் குரல் மாடியின் எண்ணைச் சொல்லும். ஸ்டூலையும் பலகையையும் அவள் துணி அறைக்கு எடுத்துவந்துவிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள், பலகையைத் தலையணை உறைகளுக்கு அடியில் வைத்தாள்.

அதனால் கதைக்காரப் பெண் துணி அறை வாசலில் வந்து நின்றபோது, போர்வையக்காவின் ஆசை பெரியதாக ஒன்றுமில்லை. அந்த வார்த்தையைச் சொன்னது தன் புருஷன் என்று ஓர் இடத்திலாவது இருக்க வேண்டும். பெயர்கூட வேண்டாம். ஸ்டூலில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான் என்று இருந்தால் போதும். முட்டி தேய்த்தவர் என்பது மட்டுமே அவரைப் பற்றி மிச்சமாகிவிடக் கூடாது.

"இந்தப் பொண்ணு என்ன கேக்குது சார்?" என்றாள்.

"அன்னிக்கு நடந்ததச் சொல்லணுமாம்க்கா. நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

அவள் சொன்னாள். தள்ளியதிலிருந்து, கதவைச் சாத்தியதிலிருந்து, பூட்ஸ் சத்தத்திலிருந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். மூட்டை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டாள், எதிரில் நிற்கிற மனுஷன் பாவம் என்று. சொல்லி முடித்தபோது கண் கலங்கிவிட்டது. எக்ஸ்ரேக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அதை இந்தியில் சொன்னார். அவள் சொன்னது முழ நீளம், அவர் சொன்னது சாண் நீளம். சரி, இந்தி சுருக்கமான பாஷை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அந்தச் சாணுக்குள்ளேயே அவர் 'மே, மே' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு 'மே'க்கும் கை அவர் நெஞ்சைத் தொட்டுத் தொட்டு வந்தது. கதைக்காரப் பெண் போர்வையக்காவைப் பார்ப்பதை விட்டுவிட்டு, விரிந்த கண்ணோடு எக்ஸ்ரேக்காரரைப் பார்க்க ஆரம்பித்தாள். கடைசியில் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

என் புருஷன் கதைக்கு இவர் கையை எதற்குக் குலுக்க வேண்டும்? போர்வையக்காவுக்கு அன்று முழுக்க விரிப்பு மடிப்பதில் மனம் போகவில்லை.

அவள் மகள் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். கடை முதலாளி வீட்டில் பேசுவது இந்தி, அதனால் அவளுக்கும் காது பழகியிருந்தது. வீட்டுக்கு வந்தவுடன் போர்வையக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"ஏண்டி, இந்தில மேன்னா என்ன?"

"ஆடாம்மா?"

"விளையாடாத. மனுஷங்க சொல்ற மே."

"மேன்னா நான்."

"நானா?"

"நீ இல்லம்மா. நான்னு அர்த்தம். யார் சொல்றாங்களோ அவங்க."

போர்வையக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ உங்கப்பாவைப் பத்தி நான் சொன்னதையெல்லாம் அந்த மனுஷன் மே மேன்னு மேஞ்சுட்டுப் போயிருக்காரு."

விஷயம் புரிந்ததும் மகளுக்கு மூக்கு விடைத்தது. "நாளைக்கு அந்தப் பொண்ணு முன்னாடி அவரோட வண்டவாளத்தை எடுத்து விடும்மா. அழுக்கு மூட்டைக்குள்ள உக்காந்திருந்தவருன்னு சொல்லு."

"அதச் சொல்ல மாட்டேன். ஒளிஞ்சதுல என்னடி தப்பு? நானும்தான் உள்ள இருந்தேன். பயந்தவங்க பயந்த மாதிரி இருக்கட்டும்னுதானே உங்கப்பா கதவைச் சாத்தினாரு. அவரு உக்காந்த ஸ்டூல்ல நான் உக்காந்தேன்னு சொல்றாரு பாரு, அதான் எனக்குத் தாங்கல."

"அப்போ நேராவே அவகிட்ட இந்தில சொல்லிடு. நான் சொல்லித் தரேன். மேரா ஆத்மி போலா. என் வீட்டுக்காரர் சொன்னாருன்னு அர்த்தம்."

"ஆத்மாவா?"

"ஆத்மி. ஆத்மின்னா ஆளு. மேரா ஆத்மின்னா என் வீட்டுக்காரர்."

"ஆத்மி... போலா. ஆத்மா, போலாம்." போர்வையக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "பொருத்தமாத்தான் இருக்கு. போன ஆத்மாதானே. மறக்காது."

மறுநாள் எலும்பு டாக்டர் வருகிற நாள். எக்ஸ்ரே அறை வாசலில் கட்டுப் போட்ட கையும் காலுமாக வரிசை கேட் வரை நின்றது. எக்ஸ்ரேக்காரர் இஸ்திரிச் சட்டை கசங்க உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார். கதைக்காரப் பெண் தனியாகக் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். போர்வையக்கா போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பெண் சிரித்துக்கொண்டே எழுந்து கூடவே வந்தாள். நல்ல பெண்தான், பாவம்.

லிப்டுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டாள். தலையணை உறைகளுக்கு அடியிலிருந்து பலகையை எடுத்துவந்து பொத்தானுக்கு மேலே மாட்டினாள். பெண்ணைத் தூரத்தில் நிறுத்தி, இரண்டு கையையும் துப்பாக்கி பிடிக்கிற மாதிரி வைத்துவிட்டு, இப்படி வா என்று சைகை காட்டினாள். பிறகு ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள். அவர் உட்கார்வது போலவே ஒரு காலை மடக்கி, தோளைச் சரித்து உட்கார்ந்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து 'நேரா உக்காருங்க' என்று அவள் திட்டிய அதே உட்காரல்தான்.

பெண் துப்பாக்கியோடு வந்தாள். போர்வையக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"வேலை செய்யாது. படியில போங்க."

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் லிப்ட் கதவு தானாகத் திறந்து, அந்தப் பெண் குரல் இங்கிலீஷில் வாருங்கள் என்பதுபோல ஏதோ சொன்னது. கதைக்காரப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். போர்வையக்கா எழுந்து உள்ளே கையை விட்டுப் பொத்தானை அழுத்தி, லிப்டை மேலே துரத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மூன்றாவது தடவையில் பெண் சிரிக்கவில்லை. துப்பாக்கி பிடித்த கையை இறக்கிக்கொண்டாள். எக்ஸ்ரே அறைப் பக்கம் கையைக் காட்டி, ஏதோ கேட்டாள்.

போர்வையக்கா தலையை ஆட்டினாள். ஸ்டூலைத் தட்டிக் காட்டினாள். "மேரா ஆத்மி போலா" என்றாள். பெண்ணுக்குப் புரிந்தது. அது அவள் முகத்தில் தெரிந்தது. ஸ்டூலைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், திரும்பவும் ஏதோ கேட்டாள். அவர் எங்கே என்றுதான் கேட்டிருக்க வேண்டும். போர்வையக்கா விரலை மேலே காட்டினாள்.

பெண் உடனே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியேற ஆரம்பித்தாள், ஆள் மாடியில் இருக்கிறார் என்று. போர்வையக்காவுக்கு ஒரு நொடி ஒன்றும் ஓடவில்லை. செத்த பிறகும் ஒருத்தியைப் படியேற்றிவிட்டாரே இந்த மனுஷன் என்று சிரிப்பு வந்தது. பின்னாலேயே ஓடிப்போய்ப் பெண்ணின் துப்பட்டாவைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் காட்டி, மறுபடி விரலை மேலே காட்டினாள். இந்தத் தடவை இன்னும் மேலே.

பெண் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போர்வையக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு பெண் போனை எடுத்து, இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். போர்வையக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள், தோளைச் சரித்துக்கொண்டாள், மூக்கை உறிஞ்சினாள்.

சினிமாக்காரர்கள் போனார்கள். மாதங்கள் ஓடின. படம் அடுத்த மாதம் வருகிறது என்று விளம்பரம் வந்தது, கூடவே ட்ரெயிலரும் வந்தது. மதிய இடைவேளையில் கேன்டீன் டிவியில் அதைப் போட்டார்கள். பெரிய சிஸ்டரிலிருந்து துடைக்கிறவர்கள் வரை எல்லாரும் கூடிவிட்டார்கள். எக்ஸ்ரேக்காரர் முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். போர்வையக்கா தூணோரம் நின்றாள். தன் ஆட்டம் அந்தப் பெண்ணின் போனிலேயே செத்துப்போயிருக்கும், சினிமாவுக்கு ஸ்டூல் எதற்கு என்று தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தாள். ஆனாலும் கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை.

முதலில் டாக்டர் வந்தார். பெரிய நடிகர். கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு, கைக்கொரு குழந்தையோடு பாய்ந்தார். அன்று உண்மையான டாக்டர் பல் பிடுங்கிக்கொள்ள லீவு போட்டிருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கொதிக்கிற பால் வரவில்லை. கேன்டீனே வரவில்லை. கேன்டீன்காரர் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். பிறகு நீலச் சட்டையில், வாட்டசாட்டமாக ஒருவர் வந்தார். "பாத்தீங்களா, நான்தான்" என்று எக்ஸ்ரேக்காரர் பக்கத்தில் இருந்தவரை இடித்தார். நீலச் சட்டைக்காரர் அடுத்த நொடியே சுடப்பட்டு விழுந்தார். "அது வேற யாரோ போல இருக்கு" என்று எக்ஸ்ரேக்காரர் காலை இறக்கி வைத்தார்.

வெடிச் சத்தம், ஓட்டம், அழுகை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, சட்டென்று நின்றது. ஒரு நடை. ஒரு லிப்ட். ஒரு ஸ்டூலில் தோள் சரிந்த வயசாளி ஒருவர். இரண்டு ஜோடி பூட்ஸ் வந்து நிற்கிறது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் கால்களைப் பார்க்கிறார். மூக்கை உறிஞ்சுகிறார்.

"வேலை செய்யாது. படியில போங்க."

அத்தனை இந்திக்கு நடுவில் தமிழில் சொன்னார். அந்த நடிகருக்குத் தமிழ் தெரியாது போலிருந்தது, உச்சரிப்பு கொஞ்சம் கரடுமுரடாக வந்தது. ஆனால் இழுவை அப்படியே இருந்தது. போர்வையக்கா வாயிலிருந்து எடுத்த இழுவை. அவள் அவரிடமிருந்து எடுத்தது.

"நம்ம படிக்கட்டு" என்றார் கேன்டீன்காரர் அடுப்புப் பக்கத்திலிருந்து. பெரிய சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் நின்ற புது ஆயா ஒருத்திக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. இந்திக்கு அர்த்தம் சொல்ல ஆள் இருக்கிறாரே என்று எக்ஸ்ரேக்காரரிடம் குனிந்து கேட்டாள்.

"அந்தக் கெழவன் என்ன சொல்றான் சார்?"

எக்ஸ்ரேக்காரர் டிவியைப் பார்த்தபடியே இருந்தார். "தமிழ்லதான் சொல்றாரு" என்றார்.

போர்வையக்கா துணி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளுத்து வந்த தலையணை உறை ஒன்றில் முகத்தைப் புதைத்து, ஆசை தீர அழுதாள். முடிந்ததும் அந்த உறையை எடுத்து அழுக்கு மூட்டையில் போட்டாள். அதற்குள் போன் அடித்தது. அண்ணன்.

"ட்ரெயிலர் பாத்தேன்மா. அது யாரோ நடிகன்னு சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணல. மாப்பிள்ளை என்னைப் பாத்துச் சொன்ன மாதிரியே இருந்துச்சு. வயித்தப் புடிச்சுக்கிட்டேன்."

"மொறச்சீங்களா?" என்றாள்.

"மொறச்சேன்மா. அப்புறம் அழுதுட்டேன்."

போனை வைத்துவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். மூன்றாம் மாடிக்கு விரிப்பு போக வேண்டும், நேரமாகிவிட்டது. தள்ளுவண்டியில் அடுக்கினாள். என்ன நினைத்தாளோ, பலகையையும் எடுத்து வண்டியின் ஓரத்தில் செருகிக்கொண்டாள்.

லிப்டுக்கு முன்னால் எக்ஸ்ரேக்காரர் நின்றிருந்தார். கையில் ஒரு பெரிய உறை, நாலாம் மாடி டாக்டருக்குப் போக வேண்டிய எக்ஸ்ரே படம். போர்வையக்காவைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார். லிப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்தப் பெண் குரல் வரவேற்றது. அவருக்கும் வண்டிக்கும் சேர்ந்தே இடம் இருந்தது.

போர்வையக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். பலகையை எடுத்துப் பொத்தானுக்கு மேலே மாட்டினாள்.

"வேலை செய்யாது" என்றாள். "படியில போங்க."

எக்ஸ்ரேக்காரர் எரிகிற விளக்கைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படியேறினார்.